உட்கார்ந்து எழும் சத்தம்

லிப்ட் ஓடும் குழிக்குள் இறங்கி வேலை செய்கிறவர்கள் கீழே பார்க்கக் கூடாது என்பார்கள். அவர் பார்ப்பார். காலுக்கடியில் ஏழெட்டு மாடி இருட்டு வாயைப் பிளந்துகொண்டிருக்கும். லிப்ட் கூண்டின் தலைமேல் நின்றபடி, வீட்டுக்கு என்ன காய் வாங்கிக்கொண்டு போகலாம் என்று யோசிப்பார். அப்படிப்பட்டவர் சாப்பாட்டு மேஜையிலிருந்து இழுத்துப் போட்ட ஒரு நாற்காலிக்குப் பயந்தார் என்றால் கூட வேலை பார்த்தவர்கள் சிரிப்பார்கள். ஆனால் பயந்தார்.

சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஊசி போடுவதற்கு வசதியாக இடது கையில் ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்திருந்தார்கள். அந்த இடத்தில் விரலை வைத்தால் தோலுக்கடியில் ஒரு வண்டு மாட்டிக்கொண்டு ரீங்கரிப்பது போலிருக்கும். மெஷினிலிருந்து இறங்கி வரும் நாட்களில் பிழிந்து போட்ட துணி மாதிரி கிடப்பார். மறுநாள் கொஞ்சம் தலை தூக்கும். அதற்குள் அடுத்த முறை வந்துவிடும்.

அவர் மனைவி ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறவள். நாள் முழுக்க மெஷின் சத்தத்தில் இருப்பதால் வீட்டிலும் சற்று உரக்கத்தான் பேசுவாள். “என்னோடத எடுத்துக்கட்டும்” என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். பரிசோதனையில் எல்லாம் ஒத்துவந்தது. “இத்தனை வருஷத்துல எங்களுக்குள்ள ஒத்துப்போன முதல் விஷயம் இதுதான்” என்று அவள் சொன்னபோது அறுவை சிகிச்சை டாக்டரும் சிரித்துவிட்டார். சிரித்து முடித்ததும் அவரைப் பார்த்துச் சொன்னார்: “கிட்னி ரெடி. ஆள்தான் இன்னும் ரெடி ஆகல.”

உடம்பில் சதையே இல்லை, தொடை இரண்டும் குச்சியாகிவிட்டது, இந்த நிலைமையில் கத்தி வைத்தால் புதுக் கிட்னி நன்றாக இருக்கும், ஆள் படுக்கையோடு போய்விடுவார் என்று டாக்டர் விளக்கினார். முதலில் வீட்டிலேயே பயிற்சி செய்து பலம் ஏற்றிக்கொள்ள வேண்டும். நடந்து காட்டவும் உட்கார்ந்து எழுந்து காட்டவும் ஒரு பரிசோதனை இருக்கிறது. அதில் தேறினால்தான் தேதி.

பயிற்சி சொல்லிக்கொடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண் வந்தாள். சின்ன வயது. குரல் பஞ்சு மாதிரி இருந்தாலும் ஆளை விடமாட்டாள். கையை மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழ வேண்டும், உட்கார வேண்டும். சுவரில் கை வைத்துத் தள்ள வேண்டும். குதிகாலைத் தூக்கி நிற்க வேண்டும். அறைக்கும் வாசலுக்குமாக நடக்க வேண்டும். போதும் என்று நினைக்கும் நேரத்தில் அவள் “இன்னும் ஒண்ணு” என்பாள். அதையும் செய்து முடித்தால் மறுபடியும் “இன்னும் ஒண்ணு.” வீட்டில் அவளுக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. வாரம் ஒரு நாள் ‘இன்னும் ஒண்ணு’ போன் திரையில் வருவாள். மற்ற நாட்களில் அவரே செய்துகொள்ள வேண்டும்.

கால்கள் வெடவெடவென்று நடுங்குவதை மனைவி பார்க்கக் கூடாதென்று படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு செய்தார். எழுந்து நின்றதும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். காதுக்குள் முரசு கொட்டும். அடுத்த தடவை எழும்போது இந்த முரசு நின்றுபோனால் என்ன ஆகும் என்று தோன்றும். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, இடது கை வண்டு ஒலிக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார். ஒலிக்கும். ஆனாலும் பயம் போகாது. அப்படியும் விடாமல் செய்துகொண்டுதான் இருந்தார், மச்சான் வந்து பேசும்வரை.

மச்சான் என்பது மனைவியின் தம்பி. டைல்ஸ் கடை வைத்திருக்கிறவன். அப்பா அம்மா சீக்கிரம் போய்விட்டதால் அக்காதான் அவனை வளர்த்தாள். ஒரு நாள் டயாலிசிஸ் நடந்துகொண்டிருக்கும்போது வந்து படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். ரத்தம் குழாய் வழியாக வெளியே போய்ச் சுற்றித் திரும்பி வருவதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான்:

“மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. அக்காவுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் தாங்க மாட்டேன். வேண்டாம்னு நான் சொன்னா கேக்க மாட்டா. நீங்க சொல்லுங்க.”

அவர் எழுந்து உட்கார முடியாது, போய்விடவும் முடியாது. கையில் இரண்டு ஊசி. “பாத்துக்கறேன்” என்று மட்டும் சொன்னார். மச்சான் அவர் காலைத் தொட்டு அழுத்திவிட்டுப் போனான்.

வேண்டாம் என்று மனைவியிடம் சொல்லிப் பார்க்காமலும் இல்லை. வாயைத் திறந்ததுமே அவள், “பேசி முடிச்ச விஷயத்த மறுபடி கிளறாதீங்க” என்று அடைத்துவிட்டாள். அன்றைக்கு அவள் முதுகைக் காட்டிக் குனிந்து அலமாரியில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். அந்த முதுகைப் பார்த்தார். விலாவுக்குக் கீழே எந்த இடத்தில் கத்தி வைப்பார்கள் என்று கண் தானாக இடம் தேடியது.

அதற்குப் பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அவர் செய்தது வேறு. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொள்வார். காலால் நாற்காலியைத் தள்ளுவார். கிரீச். கொஞ்சம் விட்டு இழுப்பார். கிரீச். நடுவில் மூச்சு வாங்குகிற மாதிரி உஸ் உஸ் என்பார். அடுப்படியிலிருந்து மனைவி, “அவசரப்படாம மெதுவா பண்ணுங்க” என்பாள். “சரி, சரி” என்று அவர் மூச்சிரைக்கச் சொல்வார். திரையில் பிசியோ வரும் நாளில் மட்டும் வேறு வழியில்லாமல் எழுந்து உட்கார்ந்தார். அன்றைக்கு முந்திய நாள் டயாலிசிஸ் அசதி என்று ஒரு காரணமும் தயாராக இருக்கும்.

தேறாவிட்டால் தேதி கிடையாது. தேதி இல்லாவிட்டால் அவள் உடம்பில் யாரும் கை வைக்க மாட்டார்கள். தான் மெஷினோடு எத்தனை நாள் ஓட்ட முடியுமோ ஓட்டிவிடலாம். இதுதான் அவர் போட்ட திட்டம். இதில் தன் உடம்பிலும் கத்தி படாது என்ற ஒரு சௌகரியமும் இருந்தது. அந்தப் பக்கம் அவர் திரும்பியே பார்க்கவில்லை. மனைவிக்காகத்தான் இவ்வளவும் என்று நினைத்துக்கொண்டால் நெஞ்சு கொஞ்சம் லேசாக இருந்தது.

பரிசோதனையில் நினைத்தபடியே ஆனது. ஆஸ்பத்திரி நடைபாதையில் பாதி தூரம் போவதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். நடிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. இந்த இடைவெளியில் கால்கள் நிஜமாகவே இன்னும் கரைந்திருந்தன. டாக்டர் நெற்றியைச் சுருக்கி, வீட்டில் பயிற்சி நடக்கிறதா என்று கேட்டார். அவர் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள்.

“தினமும் பண்றாருங்க. நானே கேக்கறேன்.”

டாக்டர் யோசித்தார். இவ்வளவு பயிற்சி செய்தும் உடம்பு கீழே போகிறதென்றால் இதயத்தைப் பார்க்க வேண்டும் என்றார். ஸ்கேன் எழுதினார், இன்னும் என்னென்னவோ எழுதினார். இவர் முழுப் பூசணிக்காயையும் சோற்றில் மறைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மனைவியின் முகம் சுண்ணாம்பாக வெளுத்துக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து அவள் உரக்கப் பேசுவதை விட்டுவிட்டாள். அவர் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்றாள். தட்டில் போட்டதை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். கடையில் தேய்த்த லென்ஸ் ஒன்று உடைந்து விரலைக் கிழித்துக்கொண்டு வந்தாள். இதயப் பரிசோதனையில் பெரிதாக ஒன்றும் இல்லை என்று வந்தபோது அவள் சந்தோஷப்படவில்லை. டாக்டர்களுக்கே கண்டுபிடிக்க முடியாத ஏதோ ஒன்று இருக்கிறது என்று முடிவு செய்துவிட்டாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அந்தப் பேயைக் கூட்டிவந்து வீட்டில் விட்டவர் தான்தான் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் சொல்லவில்லை. அவளைக் காப்பாற்றப் போட்ட திட்டம் அவளையே தின்றுகொண்டிருந்தது.

ஒரு நாள் காலை, அவள் வேலைக்குப் போன பிறகு, அவர் குளியலறைக்குப் போனார். சோப்பு கைதவறித் தரையில் விழுந்தது. அதை எடுக்கக் குந்தி உட்கார்ந்தார். எடுத்தார். எழ முடியவில்லை.

முதலில் அவருக்கே சிரிப்பு வந்தது. வாளியைப் பிடித்து உந்தினார். வாளி கவிழ்ந்து தண்ணீர் கொட்டியது. சுவரில் கை வைத்து எழப் பார்த்தார். ஈரத்தில் கால் வழுக்கி இடது பக்கமாகச் சாய்ந்தார். கை உடம்புக்கடியில் மாட்டிக்கொண்டது. அப்போதுதான் சிரிப்பு அடங்கியது. டயாலிசிஸ் அறையில் அந்தக் கையைப் பற்றி நர்ஸ்கள் திரும்பத் திரும்பச் சொல்வது ஞாபகம் வந்தது. அந்தக் கையில் தலை வைத்துப் படுக்காதீர்கள், பை மாட்டாதீர்கள், அழுத்தினால் அடைத்துக்கொள்ளும். அந்தக் கைதான் இப்போது முழு உடம்பின் கனத்தையும் தாங்கிக்கொண்டிருந்தது.

கத்தினார். பக்கத்து வீட்டில் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. மிக்சி நின்றதும் மறுபடி கத்தினார். குரல் குளியலறைச் சுவரில் முட்டி அவருக்கே திரும்பி வந்தது. தாழ்ப்பாள் உள்பக்கம் போட்டிருந்தது. போன் சாப்பாட்டு மேஜையில். மூன்று தடவை அது அடித்து அடித்து ஓய்ந்தது. மனைவியாகத்தான் இருக்கும். எத்தனையோ பேர் லிப்டுக்குள் மாட்டிக்கொண்டு கதவைத் தட்டி அழுதிருக்கிறார்கள். வெளியே நின்று, பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது என்று அவர் ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். ஒன்றும் ஆகாது என்பது அவருக்குத் தெரியும், உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது. இப்போது வெளியே யாரும் இல்லை.

முழங்கையை ஊன்றி, தரையில் தவழ்கிற குழந்தை மாதிரி உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரட்டினார். கை வெளியே வந்தது. மரத்துப்போயிருந்தது. வண்டு இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கப் பயமாக இருந்தது. தொடாமலே வெகுநேரம் கிடந்தார். சாக வேண்டாம் என்று அப்போது தோன்றியது. அது அவளுக்காகவும் இல்லை, யாருக்காகவும் இல்லை. எனக்குச் சாக வேண்டாம். எனக்குப் பயமாக இருக்கிறது. கத்திக்கும் பயம், இதற்கும் பயம். இத்தனை மாதம் அவளை முன்னால் நிறுத்திவிட்டு நான் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறேன்.

விரலை மெதுவாக வைத்தார். வண்டு ரீங்கரித்தது. அவருக்கு அழுகை வந்துவிட்டது.

மூன்று தடவை கூப்பிட்டும் போனை எடுக்காததால் மனைவி மெஷினை அப்படியே நிறுத்திவிட்டு ஓடி வந்திருந்தாள். வாட்ச்மேனைக் கூட்டிவந்து தாழ்ப்பாளைப் பெயர்த்துத்தான் உள்ளே வர முடிந்தது. இருவரும் அவரைத் தூக்கிக் கட்டிலில் உட்கார வைத்தார்கள். வாட்ச்மேன் போன பிறகு அவள் துண்டால் அவர் தலையைத் துவட்டினாள். ஆஸ்பத்திரிக்குப் போன் போட எழுந்தவளை அவர் பிடித்து நிறுத்தினார். நாற்காலியைக் காட்டினார். காலால் தள்ளினார். கிரீச். இழுத்தார். கிரீச்.

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அவர் எல்லாவற்றையும் சொன்னார், மச்சான் வந்தது உட்பட. சொல்லி முடித்ததும் அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“உங்களுக்கு என்னமோ பெரிசா வந்திருக்கு, டாக்டருங்களுக்கே தெரியலன்னு நெனச்சேன். தினமும் செத்துட்டு இருந்தேன்.”

“உனக்காகத்தான்…” என்று ஆரம்பித்தார்.

“அப்படிச் சொல்லாதீங்க” என்றாள். குரல் உயரவே இல்லை. “பயமா இருக்குன்னு சொல்லுங்க. அது போதும்.”

“பயமா இருக்கு” என்றார்.

மாலையில் அவள் தம்பிக்குப் போன் செய்தாள். இந்தப் பக்கத்துப் பேச்சு மட்டும் அவருக்குக் கேட்டது. அதிகம் பேசவில்லை. இது என் உடம்பு, யாருக்குக் கொடுப்பது என்று உன்னைக் கேட்டுக்கொண்டு செய்ய மாட்டேன், ஆஸ்பத்திரியில் கூட நிற்க ஆள் வேண்டும், நிற்பதானால் வா, இல்லாவிட்டால் இப்போதே சொல்லிவிடு என்றாள். அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ, “சரிடா, சாப்பிட்டியா?” என்று முடித்தாள்.

பிசியோ பெண்ணிடமும் அவரையே சொல்ல வைத்தாள். திரையில் அந்தப் பெண் கோபப்படவில்லை. எழும்போது எந்த இடத்தில் பயம் வருகிறது என்று மட்டும் கேட்டாள். இத்தனை நாளில் யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை. நெஞ்சு அடித்துக்கொள்வதைச் சொன்னார். அது அடிக்கத்தான் வேண்டும், எவ்வளவு அடிக்கலாம் என்பதற்கு ஒரு சுலபமான அளவு இருக்கிறது என்றாள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் இன்னும் கொஞ்சம் செய்யலாம். பேச முடியாவிட்டால் நிறுத்தி உட்கார்ந்துவிட வேண்டும். நெஞ்சு வலியோ தலைச்சுற்றலோ வந்தால் உடனே போன் செய்ய வேண்டும்.

அன்றிலிருந்து கதவைச் சாத்தவில்லை. மனைவி எதிரே இன்னொரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு கூடவே எழுந்தாள், கூடவே உட்கார்ந்தாள். நடுவில் “பாடுங்க” என்பாள். அவர் இரண்டு வரி இழுப்பார். “மூச்சு நல்லாத்தான் இருக்கு, பாட்டுதான் சகிக்கல” என்பாள். டயாலிசிஸ் நாட்களில் செய்ய முடியாது. சில நாள் சாண் ஏறினால் முழம் சறுக்கியது. காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுத்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். பயம் ஒரு நாளும் லீவு போடவில்லை. நாற்காலியைப் பார்த்ததும் வரும், எழுந்து நின்றதும் கூடும், உட்கார்ந்ததும் கொஞ்சம் இறங்கும். அதையும் கூட்டிக்கொண்டேதான் எழுந்தார். அடுத்த பரிசோதனையில் நடைபாதையின் கடைசிவரை போய்த் திரும்பி வந்தார். தேதி குறித்தார்கள்.

அறுவை சிகிச்சையன்று மனைவியை முதலில் கொண்டுபோனார்கள். அவள் ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி, வீட்டில் கேஸை மூடினோமா என்று கேட்டாள். மூடியாச்சு என்றார். பிறகு அவர் முறை வந்தது. மேலே வெள்ளை விளக்கு. முகத்தில் மூடி. எண்ணச் சொன்னார்கள். எண்ணினாரா இல்லையா என்று அவருக்கு நினைவில்லை.

கண் விழித்தபோது தனி அறை. உடம்பெல்லாம் குழாய். முதல் வார்த்தையாக அவளைக் கேட்டார். நன்றாக இருக்கிறாள் என்றார்கள். கட்டிலுக்குக் கீழே தொங்கிய சிறுநீர்ப் பையை நர்ஸ் தூக்கிக் காட்டினாள். இளமஞ்சளாக நிறைந்துகொண்டிருந்தது. பல மாதமாகப் பெயருக்கு நாலு சொட்டு பார்த்தவருக்கு அது வேறு யாருடையதோ என்றிருந்தது.

மறுநாள் காலை, அறையின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே மச்சான் வந்து நின்றான். கிருமி தொற்றும் என்று உள்ளே யாரையும் விடமாட்டார்கள். அவன் கையசைக்கவில்லை. கண் சிவந்திருந்தது. நர்ஸைக் கூப்பிட்டுக் கேட்டார். டாக்டர் வந்து சொல்வார் என்றாள். திரும்பத் திரும்பக் கேட்ட பிறகு, மனைவிக்கு உள்ளுக்குள் கொஞ்சம் ரத்தம் கசிகிறது, மறுபடியும் ஆபரேஷன் அறைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்றாள்.

அவரால் எங்கும் போக முடியாது. பையைப் பார்த்தார். சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டே இருந்தது. எங்கேயோ ஒரு அறையில் அவளுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருக்க, அவளுடைய கிட்னி இவருக்குள் எந்தக் கவலையும் இல்லாமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தது. நின்று தொலையேன் என்று ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணமே, ஐயோ நின்றுவிடாதே என்று கெஞ்சினார்.

பிசியோ பெண் முகமூடி போட்டுக்கொண்டு உள்ளே வந்தாள். இன்றைக்கு எழுந்து நிற்க வேண்டிய நாள். விஷயம் அவளுக்கும் தெரிந்திருந்தது. கட்டாயமில்லை, மாலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். அவர் கட்டிலைப் பிடித்து எழுந்தார். வயிற்றுத் தையல் தீயாக எரிந்தது. அவள் குழாய்களையும் பையையும் தூக்கிக்கொண்டு கூட வர, அடி மேல் அடி வைத்துக் கண்ணாடிக் கதவுவரை போனார். மச்சான் அந்தப் பக்கம், இவர் இந்தப் பக்கம். பேசினால் கேட்காது. மச்சான் அழுதுகொண்டிருந்தான். அவன் தன்னை வெறுப்பான் என்று அவர் நினைத்திருந்தார். அவன் உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்தான். அவரும் வைத்தார். கால் நடுங்கத் தொடங்கும்வரை இருவரும் அப்படியே நின்றார்கள்.

மத்தியானத்துக்கு மேல் டாக்டர் வந்தார். ஒரு சின்ன ரத்தக்குழாய்தான், கட்டியாகிவிட்டது, இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினோம், இனிப் பயமில்லை என்றார். இனிப் பயமில்லை என்பதை அவரால் நம்ப முடியவில்லை. “நான் பாக்கணும்” என்றார். பார்க்கலாம், அவங்க நடந்து வரட்டும் என்றார் டாக்டர்.

அவள் நடந்து வரச் சில நாள் ஆயிற்று. ஒரு கை சுவரில், ஒரு கை தம்பியின் தோளில். தம்பியை வாசலிலேயே நிறுத்திவிட்டு, முகமூடியும் தொப்பியுமாக அவளை மட்டும் உள்ளே விட்டார்கள். கண் மட்டும்தான் தெரிந்தது. சுற்றிலும் கறுத்திருந்தது. முதலில் அவரைப் பார்க்கவில்லை, குனிந்து பையைப் பார்த்தாள்.

“என்னோடது நல்லா வேலை செய்யுதே.”

“உன்ன மாதிரிதான். ஒரு நிமிஷம் ஓயறதில்ல.”

சிரிக்கப் போனவள் தையல் இழுக்கவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அவள் சொன்னாள்:

“ரெண்டாவது தடவ கூட்டிட்டுப் போனாங்க இல்ல, அப்ப ரொம்ப பயந்துட்டேன்.”

அதுதான் சரியாகிவிட்டதே என்று சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை.

“நானும்” என்றார்.

நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்றாள். மனைவி சுவரைப் பிடித்தபடி மெதுவாகத் திரும்பினாள். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இரும வேண்டும், பயந்து அடக்கக் கூடாது என்று அவர் பின்னாலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். தெரியும், எனக்கும் சொன்னாங்க என்று அவள் திரும்பாமலே சொன்னாள், தன் பழைய உரத்த குரலில்.